‘மாத்திப் பாப்பம்’ என்பதற்கு முன்: எஞ்சினின் அழுத்த சென்சர் உண்மையிலேயே பழுதா?

வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியாக ஆறு நாட்கள் இருந்தபோது அப்பாவின் கார் புகைப் பரிசோதனையில் தோற்றது. காபன் மொனொக்சைட்டின் அளவு அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டியிருந்தது. சான்றிதழ் இல்லாவிட்டால் அனுமதிப்பத்திரம் இல்லை. அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டால் மாதத்தில் இரண்டு தடவை அப்பாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக ஓட்டோ பிடிக்க வேண்டும்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மூன்று வாரங்களுக்கு முன்னர்தான் அதே காருக்குப் பணம் செலவழித்திருந்தோம். டாஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தது, பெற்றோல் வழமையைவிட வேகமாகக் குறைந்தது, காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் கறுப்புப் புகை வந்தது. வழமையாகப் போகும் கராஜில் ஸ்கானரைச் செருகிப் பார்த்தார்கள். “தங்கச்சி, மாப் சென்சர் கோட் காட்டுது. சென்சர்தான் போயிட்டுது. மாத்திப் பாப்பம்” என்றார் அங்கிருந்த அண்ணை. சென்சரும் கூலியும் சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபா. மாற்றியதும் விளக்கு அணைந்தது, கார் நன்றாகவே ஓடியது. இரண்டு வாரங்களில் எல்லாம் பழையபடி திரும்பி வந்தது.

சென்சர் பழுதாகவே இல்லை என்பது பிறகு தெரியவந்தது. எது பழுது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், வாகனத்தைப் பற்றி அதிகம் தெரியாத ஒருவர் இதில் எவ்வளவு தூரம் தானே பார்த்துக்கொள்ளலாம் என்பவற்றைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பின்னும் வரிகளோடு சேர்ந்த விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே இருக்கிற வாகனத்தைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதுதான் நம்மில் பலருக்கு வழி. பத்து, பதினைந்து, இருபது வருடம் பழைய கார்களில் சென்சர் பழுது என்ற சொல்லை இப்போது அடிக்கடி கேட்கிறோம். அதில் எத்தனை தடவை உண்மையில் சென்சர் பழுதாக இருந்தது என்பது வேறு கேள்வி.

இந்தச் சென்சர் எதை அளக்கிறது?

எஞ்சினுக்குள் போகும் காற்று முதலில் திரொட்டில் என்ற கதவைத் தாண்டுகிறது. நாம் அக்சிலரேற்றரை மிதிக்கும்போது திறப்பது இந்தக் கதவுதான். அதைத் தாண்டினால் இன்ரேக் மனிபோல்ட் என்ற அறை. அங்கிருந்து காற்று ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிந்து போகிறது.

கதவு ஏறத்தாழ மூடியிருக்கும்போது எஞ்சின் காற்றை உறிஞ்ச முயல்கிறது, ஆனால் போதிய காற்று கிடைப்பதில்லை. ஒரு ஸ்ட்ரோவின் கீழ் நுனியை விரலால் பாதி மூடிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். ஸ்ட்ரோ உள்ளே ஒட்டிக்கொள்ளும். மனிபோல்ட்டுக்குள் நடப்பதும் அதுதான். அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிட மிகவும் குறைந்துபோகிறது. அக்சிலரேற்றரை முழுவதும் மிதித்தால் கதவு திறந்து, உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் கிட்டத்தட்டச் சமமாகிவிடும்.

இந்த அழுத்தத்தை அளப்பதுதான் மாப் சென்சர். மனிபோல்ட்டின் முழு அழுத்தத்தை அளக்கும் கருவி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. சில கார்களில் நேரடியாக மனிபோல்ட்டின் மீது ஓ வடிவ ரப்பர் வளையத்தோடு பொருத்தப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில், குறிப்பாகப் பழைய சிறிய கார்களில், தள்ளி ஓர் இடத்தில் பூட்டப்பட்டு, மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றால் மனிபோல்ட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். அப்பாவின் கார் இரண்டாவது ரகம்.

சென்சர் சொல்லும் அழுத்தம், எஞ்சின் சுழலும் வேகம், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் வைத்து, எவ்வளவு காற்று சிலிண்டருக்குள் போகிறது என்று ஈசியூ என்ற எஞ்சின் கணினி கணக்கிடுகிறது. அந்தக் காற்றுக்கு ஏற்ற பெற்றோலை அது இன்ஜெக்டர்களால் தெளிக்கிறது. நிறையில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்பதே அடிப்படை விகிதம். எல்லாக் கார்களும் இந்த முறையைப் பின்பற்றுவதில்லை. காற்றின் ஓட்டத்தை நேரடியாக அளக்கும் வேறு வகைச் சென்சரை நம்பும் கார்களும் உண்டு. ஆனால் சிறிய எஞ்சின் கொண்ட பல கார்களில் பெற்றோல் கணக்கின் அச்சாணி இந்த அழுத்த சென்சர்தான்.

ஆகவே அழுத்தம் உண்மையில் 35ஆக இருக்கும்போது 60 என்று ஈசியூவுக்குத் தகவல் போனால், ஏராளமான காற்று வருகிறது என்று நினைத்து அது பெற்றோலை அள்ளி ஊற்றும். புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சர் பெற்றோல் கூடிவிட்டது என்று முறையிட்டு ஓரளவுக்குத் திருத்தும். அந்தத் திருத்தத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. எல்லை தாண்டியதும் கறுப்புப் புகை, பெற்றோல் மணம், குலுங்கும் எஞ்சின், புகைப் பரிசோதனையில் தோல்வி எல்லாம் வரிசையாக வரும். எரியாத பெற்றோல் புகைக்குழாயில் உள்ள கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைச் சூடாக்கி நாளடைவில் அழித்தும்விடலாம். அதன் விலை சென்சரின் விலையைப் போலப் பல மடங்கு.

மறுபுறம் உண்மையைவிடக் குறைவான அழுத்தத்தைச் சொன்னால் பெற்றோல் போதாமல் போகும். ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், ஏற்றத்தில் இழுக்காது, அக்சிலரேற்றரை மிதிக்கும் நொடியில் தடுமாறும், சந்தியில் நிற்கும்போது எஞ்சின் நின்றுவிடும்.

கோட் சொல்வதும் சொல்லாததும்

எஞ்சின் விளக்கு எரிந்தால் ஈசியூவின் நினைவில் ஒரு கோட் பதிந்திருக்கும். அழுத்த சென்சரைப் பொறுத்தவரை பொதுவாகக் காண்பவை நான்கு. பி0105 என்பது அந்தச் சுற்றில் ஏதோ கோளாறு என்கிறது. பி0106 என்றால் சென்சர் தரும் அளவு மற்றத் தகவல்களோடு பொருந்தவில்லை. பி0107 என்றால் சென்சரிலிருந்து வரும் வோல்ட் மிகக் குறைவு. பி0108 என்றால் மிக அதிகம்.

இவற்றில் எதுவுமே சென்சரை மாற்று என்று சொல்லவில்லை. ஈசியூவுக்குச் சென்சரைப் பார்க்கும் கண் இல்லை. அதற்குத் தெரிவது வயரின் முனையில் வந்து சேரும் வோல்ட் மட்டும்தான். அந்த வோல்ட் தவறாக இருக்கச் சென்சர் காரணமாகலாம். எலி கடித்த வயர், துருப்பிடித்த செருகி, வெடித்த ரப்பர் குழாய், மனிபோல்ட்டில் எங்கோ காற்றுக் கசிவு ஆகியவையும் காரணமாகலாம். சில வேளைகளில் சென்சர் சொல்வது முழுக்க உண்மையாகவே இருக்கும். எஞ்சினுக்குள்ளேயே அழுத்தம் கெட்டுப்போயிருக்கும். டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளிப் பூட்டப்பட்டாலும், வால்வு சரியாக மூடாவிட்டாலும், எஞ்சின் தேய்ந்துபோனாலும் மனிபோல்ட்டின் அழுத்தம் உயர்ந்தே நிற்கும். அப்போது சென்சரை மாற்றுவது, காய்ச்சல் காட்டுகிறது என்பதற்காக வெப்பமானியை மாற்றுவதற்குச் சமம்.

இந்த இடத்தில் ‘மாத்திப் பாப்பம்’ நம்மை ஏமாற்றும் விதத்தையும் சொல்ல வேண்டும். பாகத்தை மாற்றும்போது கோட் அழிக்கப்படுகிறது. பட்டரியைக் கழற்றினால் ஈசியூ கற்றுவைத்திருந்த திருத்தங்களும் அழிகின்றன. செருகியைக் கழற்றிப் பூட்டுவதில் துரு உரசப்பட்டுத் தற்காலிகமாகத் தொடர்பு சரியாகிறது. குழாயைத் திரும்பச் செருகும்போது வெடிப்பு கொஞ்சம் மூடிக்கொள்கிறது. கார் சில நாட்கள் நன்றாக ஓடும். “பாத்தீங்களா, சென்சர்தான்” என்று எல்லோரும் நம்பிவிடுவோம். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

முதல் சோதனை: மூன்று எண்கள்

இரண்டாவதாகப் போன கராஜில் இருந்தவர் அறுபதைத் தாண்டிய ஐயா. காரைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “பிள்ளை, கோட் கிடக்கட்டும். எண் என்ன சொல்லுது எண்டு பாப்பம்” என்றார். ஸ்கானரில் கோட் பக்கத்தை மூடிவிட்டு, நேரடி அளவுகள் ஓடும் பக்கத்தைத் திறந்தார்.

இதை வீட்டிலும் செய்யலாம். காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி செருகி இருக்கும். ஈஎல்எம்327 என்ற பெயரில் விற்கப்படும் சிறிய புளூடூத் கருவியை அதில் செருகி, கைபேசியில் ஒரு செயலியைப் போட்டால் போதும். மலிவான போலிக் கருவிகள் சில கார்களோடு ஒழுங்காகப் பேசுவதில்லை. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்ட பழைய கார்கள் சிலவற்றில் செருகி இருந்தாலும் பொது முறையில் தகவல் வராது. அப்படியானால் கராஜின் ஸ்கானர்தான் வழி. பார்க்க வேண்டியவை மூன்று எண்கள்.

ஒன்று: சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பார்ப்பது. எஞ்சின் ஓடாதபோது மனிபோல்ட்டுக்குள்ளே இருப்பது வெளிக்காற்றின் அழுத்தமே. கடல்மட்டத்தில் அது ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கொழும்பிலோ நின்றால் 100ஐ அண்டிய எண் வர வேண்டும். கண்டியில் 95 அளவில் வரும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 81, 82 என்று காட்டினால் அது பழுது அல்ல, மலையின் இயல்பு. ஒரே கார் யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது பெற்றோல் கணக்கைத் தானே மாற்றிக்கொள்வது இந்த எண்ணால்தான்.

இரண்டு: எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஏசியை நிறுத்தி, கியரில்லாமல் ஐட்லிங்கில் விடுவது. ஆரோக்கியமான எஞ்சினில் கடல்மட்டத்தில் 30க்கும் 40க்கும் இடையில் எங்காவது நிற்கும். காருக்குக் கார் சிறிது மாறலாம்.

மூன்று: அக்சிலரேற்றரை ஒரு தடவை சட்டென்று மிதித்து விடுவது. எண் 90ஐத் தாண்டி வெளிக்காற்றின் அளவை நோக்கிப் பாய வேண்டும். காலை எடுத்ததும் ஐட்லிங் அளவுக்குக் கீழே, 20களுக்கு விழுந்து, பிறகு பழைய இடத்தில் வந்து நிற்க வேண்டும். பாய்வதிலும் விழுவதிலும் தாமதம் இருக்கக்கூடாது.

முதல் எண்ணே பிழை என்றால் சந்தேகம் சென்சர் மீதும் அதன் வயர்கள் மீதும். யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு 70 என்றோ, பூச்சியம் என்றோ, நம்ப முடியாத 200 என்றோ காட்டினால் அது வயரோ சென்சரோதான். முதல் எண் சரியாக இருந்து இரண்டாவது எண் உயர்ந்திருந்தால், சென்சருக்கு முன்னர் குழாயையும் காற்றுக் கசிவையும் எஞ்சினையும் சந்தேகிக்க வேண்டும். மூன்றாவது எண் சோம்பலாக மாறினால் சென்சரின் துவாரத்திலோ குழாயிலோ கரி, ஒயில் அடைத்திருக்கலாம்.

அப்பாவின் காரில் முதல் எண் 100. இரண்டாவது 62. ஐயா சென்சரைத் தொடவில்லை. “சென்சர் பொய் சொல்லேல்லை. அதுக்குக் கிடைக்கிற சேதிதான் பிழை” என்றார்.

இரண்டாவது சோதனை: குழாயும் காற்றும்

சென்சரின் வாயிலிருந்து ரப்பர் குழாயைக் கழற்றினார். மருந்தகத்தில் வாங்கும் பெரிய சிரிஞ்ச் ஒன்றுக்குச் சிறு குழாய் பொருத்தி, அதைச் சென்சரின் வாயில் செருகினார். சாவி திறந்திருக்க, எஞ்சின் நின்றிருக்க, சிரிஞ்சை மெல்ல இழுத்தார். ஸ்கானரில் 100 என்றிருந்த எண் 80, 60, 40 என்று வழுக்கிக்கொண்டு இறங்கியது. இழுத்த நிலையில் பிடித்துக்கொண்டார், எண்ணும் அங்கேயே நின்றது. விட்டதும் 100க்கு ஏறியது. வசதியுள்ள கராஜ்களில் இதற்கென்றே கையால் இயக்கும் வக்கியூம் பம்ப் இருக்கும். அது இல்லாத இடத்தில் சிரிஞ்ச் போதுமானது.

பிறகு அவர் கேட்டது எனக்கு எதிர்பாராததாக இருந்தது. “பழைய சென்சர் கிடக்கோ?” நல்ல காலமாகக் கிடந்தது. முதல் கராஜில் கழற்றியதை அப்பா கேட்டு வாங்கி, கையுறைப் பெட்டிக்குள் போட்டிருந்தார். அதைப் பூட்டிச் சிரிஞ்சால் இழுத்தார். அதே 100, அதே 80, அதே 60. பதினெட்டாயிரம் ரூபா கொடுத்து நல்ல சென்சரைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல சென்சரைப் பூட்டியிருக்கிறோம்.

மிச்சமிருந்தது குழாய். மனிபோல்ட்டில் செருகும் முனையில், அடிப்பக்கமாக, கண்ணுக்கு மறைவாக ஒரு வெடிப்பு. விரலால் வளைத்தபோதுதான் வாயைத் திறந்தது. வருடக்கணக்கான சூட்டில் ரப்பர் காய்ந்து கட்டியாகியிருந்தது. அந்த வெடிப்பால் வெளிக்காற்று நுழைந்து உள்ளே இருந்த குறைந்த அழுத்தத்தோடு கலக்க, சென்சருக்குப் போய்ச் சேர்ந்தது 62. அதை நம்பி ஈசியூ பெற்றோலை ஊற்றியது. முதல் கராஜில் புதிய சென்சரைப் பூட்டியபோது குழாயையும் கொஞ்சம் உள்ளே தள்ளிச் செருகியிருக்க வேண்டும். சில நாட்கள் வெடிப்பு மூடியிருந்தது. சூட்டிலும் ஆட்டத்திலும் மெல்ல மெல்ல வெளியே வந்துவிட்டது.

ஓர் அடி நீளப் புதிய வக்கியூம் குழாயின் விலை சில நூறு ரூபா. பூட்டியதும் ஐட்லிங் எண் 34.

குழாய் நன்றாக இருந்தும் எண் உயர்ந்திருந்தால் மனிபோல்ட்டைச் சுற்றிக் கசிவு தேட வேண்டும். மனிபோல்ட்டின் கஸ்கட், பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய், எஞ்சினின் ஆவியைத் திரும்ப உள்ளே அனுப்பும் பிசிவி வால்வு ஆகியவை வழமையான இடங்கள். மாப் சென்சரை நம்பும் கார்களில் இப்படிக் கசிவு ஏற்பட்டால் ஐட்லிங் வேகம் தானாக உயர்ந்து நிற்பதும் ஓர் அடையாளம். ‘ஸ்ஸ்’ என்ற சத்தத்தைக் காதால் தேடலாம். சந்தேகமான இடத்தில் தண்ணீரை மெல்லிய தூவலாக அடித்து, எஞ்சினின் சத்தம் மாறுகிறதா என்று பார்க்கலாம். காபரேற்றர் கிளீனரை அடித்துப் பார்க்கும் வழக்கம் கராஜ்களில் உண்டு. சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கக்கூடியது, வீட்டில் செய்ய வேண்டாம். மனிபோல்ட்டுக்குள் புகையைச் செலுத்தி, அது எங்கே வெளிவருகிறது என்று பார்க்கும் கருவி உள்ள கராஜ் கிடைத்தால் அதுவே சிறந்த வழி.

மூன்றாவது சோதனை: வயர்கள்

சாவி மட்டும் திறந்த நிலையிலேயே எண் பிழையாக இருந்தால் மல்ரிமீற்றரை எடுக்க வேண்டும். மாப் சென்சருக்குப் பெரும்பாலும் மூன்று வயர்கள். ஒன்றில் ஈசியூ 5 வோல்ட் அனுப்புகிறது. இன்னொன்று ஏர்த். மூன்றாவதில் சென்சரின் பதில் போகிறது. நான்கு வயர் இருந்தால் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சரும் அதே பெட்டிக்குள் இருக்கிறது என்று பொருள். எந்த வயர் எது என்பது காருக்குக் கார் மாறும். வயரிங் வரைபடத்தைப் பார்க்காமல் ஊகிக்கக் கூடாது.

செருகியைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திறந்தால், முதல் வயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் புதிய சென்சர் பத்து வாங்கிப் பூட்டினாலும் பயனில்லை. இன்னொரு விடயம், பல கார்களில் இந்த 5 வோல்ட்டை வேறு சென்சர்களும் பங்குபோடுகின்றன. அவற்றில் ஒன்று உள்ளே ஷோர்ட் ஆகியிருந்தால் எல்லாவற்றின் அளவும் சரியும். ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று சென்சர்களுக்குக் கோட் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மூன்று சென்சர்கள் ஒரே நாளில் பழுதாவது அபூர்வம்.

செருகியைத் திரும்பப் பூட்டி, பின்புறமாக மெல்லிய முனையால் பதில் வயரைத் தொட்டுப் பார்த்தால், எஞ்சின் ஓடாதபோது பெரும்பாலும் 3க்கும் 4.5க்கும் இடைப்பட்ட வோல்ட்டும், ஐட்லிங்கில் 1 முதல் 1.5 வரையும் இருக்கும். ஏர்த் வயருக்கும் பட்டரியின் மறை முனைக்கும் இடையில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் தொடர்பு சரியில்லை. வயரின் மேலுறையை ஊசியால் குத்திப் பார்க்க வேண்டாம். கரையோரங்களில் உப்புக் காற்று அந்தத் துளையால் உள்ளே போய், ஆறு மாதத்தில் புதிய பழுதை உருவாக்கிவிடும்.

5 வோல்ட் இருக்கிறது, ஏர்த் சரி, வயர் அறுபடவில்லை, குழாயும் துவாரமும் சுத்தம், இருந்தும் சிரிஞ்சை இழுக்கும்போது எண் மாறவில்லை அல்லது தாவித் தாவி மாறுகிறது என்றால் மட்டுமே சென்சர் பழுது என்று சொல்லலாம். அப்போது மாற்றத்தான் வேண்டும். பாக இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சென்சர்கள் வெவ்வேறு அழுத்த எல்லைகளுக்காகச் செய்யப்பட்டிருக்கலாம். டர்போ எஞ்சினுக்கான சென்சர் சாதாரண எஞ்சினில் பொருந்தும், ஆனால் பொய் சொல்லும். கழிவு வாகனங்களிலிருந்து கழற்றிய பாகங்கள் பஞ்சிகாவத்தைக் கடைகளில் கிடைக்கின்றன. அவை மோசம் என்றில்லை. வாங்கும் முன் சிரிஞ்சால் இழுத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

ஒயில் விளக்கு: இங்கே விதி வேறு

எஞ்சினில் இன்னொரு அழுத்த சென்சரும் இருக்கிறது. அது ஒயிலின் அழுத்தத்தைக் கவனிப்பது. டாஷ்போர்டில் எண்ணெய்க் குவளை வடிவத்தில் சிவப்பாக எரியும் விளக்கு அதனுடையது. இதுவரை சொன்ன நிதானம் எதுவும் இந்த விளக்குக்குப் பொருந்தாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது அது எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். சென்சராக இருக்கும் என்று நினைத்துக் கிளிநொச்சியிலிருந்து வவுனியா வரை ஓட்டிப்போனால், போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் இறுகிப்போகலாம். ஒயில் அழுத்தமின்றி உலோகத்தோடு உலோகம் உரச, எஞ்சின் அழிவதற்கு நிமிடங்கள் போதும்.

அணைத்துச் சில நிமிடம் பொறுத்து ஒயில் குச்சியை இழுத்து அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஊற்றுங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிகிறதென்றால் ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போவதே நல்லது. கராஜில் சென்சரைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தமானியைப் பூட்டி உண்மையான அழுத்தத்தை அளக்க வேண்டும். மானி நல்ல அழுத்தம் காட்டினால் மட்டுமே சென்சரைக் குற்றம் சொல்லலாம். மானி காட்டவில்லை என்றால் ஒயில் பம்ப், அடைத்த வடி, தேய்ந்த பெயாரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மானி பூட்டாமல் ஒயில் சென்சரை மட்டும் மாற்றி அனுப்புவதை ஒருபோதும் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

ஒரு சிறு பழக்கம்: ஒவ்வொரு நாளும் சாவியைத் திருப்பும்போது, ஸ்டார்ட் செய்வதற்கு முன் இந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆகிச் சில நொடிகளில் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிட்டால், ஆபத்து வரும்போது அது உங்களை எச்சரிக்கப் போவதில்லை.

கண்டறிவதற்கு யார் பணம் கொடுப்பது?

முதல் கராஜ் அண்ணை எங்களை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவர் நம்பியதைத்தான் சொன்னார். ஆனால் ‘மாத்திப் பாப்பம்’ என்ற வழக்கம் உருவானதில் வாடிக்கையாளர்களான நமக்கும் பங்கு உண்டு. ஒன்றரை மணித்தியாலம் சோதித்துவிட்டுப் பழுது குழாயில் என்று சொல்லி, குழாய்க்கு முந்நூறு ரூபாவும் சோதனைக்கு நாலாயிரம் ரூபாவும் கேட்டால், “குழாய் மாத்த நாலாயிரமோ?” என்று சண்டைக்குப் போவோம். அதே நாம், பெட்டியில் வந்த புதிய பாகத்துக்குக் கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். கையில் பிடிக்கக்கூடிய பொருளுக்கு விலை உண்டு, சிந்தித்த நேரத்துக்கு விலை இல்லை என்றால், கராஜ்களும் பொருளைத்தான் விற்கும்.

பயிற்சியும் ஒரு பிரச்சினை. வடக்கில் கராஜ் நடத்தும் மூத்தவர்கள் பலர் காபரேற்றர் காலத்தில், யுத்தத்துக்கும் பொருளாதாரத் தடைக்கும் இடையில், கிடைத்ததை வைத்து வேலை பழகியவர்கள். கைவேலையில் அவர்களை மிஞ்ச முடியாது. ஆனால் வயரிங் வரைபடங்களும் கையேடுகளும் அவர்களுடைய மொழியில் இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் வாகனத் தொழில்நுட்பம் படித்து வெளிவரும் இளையவர்கள் இந்த இடைவெளியை நிரப்பத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் இங்கேயே நிலைத்து நிற்க, சோதனைக்குக் கூலி கொடுக்கும் வாடிக்கையாளர்களும் வேண்டும்.

அடுத்த தடவை கராஜில் சென்சர் போயிட்டுது என்று சொன்னால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்தக் கோட் வந்தது? எஞ்சின் ஓடாதபோதும் ஐட்லிங்கிலும் எண் எவ்வளவு? குழாயும் செருகியும் வயரும் பார்த்தாயிற்றா? புதியதைப் பூட்டிய பிறகு எண் எவ்வளவாக மாற வேண்டும்? இவற்றுக்குப் பதில் சொல்லக்கூடியவர் கண்டறிந்திருக்கிறார். பதில் இல்லாவிட்டால் அவர் ஊகிக்கிறார். சோதனைக்கான கூலியைத் தனியாகத் தருவதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேச்சின் தொனியே மாறுவதைக் காண்பீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டையும் வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தர விற்பனையாளர் கடமைப்பட்டவர்.

குழாய் மாற்றிய மறுநாள் காரைத் திரும்பவும் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். இந்தத் தடவை தேறியது. அனுமதிப்பத்திரம் காலாவதியாக இரண்டு நாட்கள் மிச்சமிருந்தன. அடுத்த கிளினிக் நாளில் அப்பா வழமைபோல முன்சீற்றில் ஏறி உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் இருக்கும் கையுறைப் பெட்டிக்குள் பழைய சென்சர் இப்போதும் கிடக்கிறது. ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, மேலே தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்: ‘நல்லது. எறிய வேண்டாம்.’